ஸ்தமாத்திஸ் குடிக்காத ஒயின்

தீவா ஊருக்கு வெளியே இருக்கும் எரிவாயு மின்நிலையத்தில் ஸ்தமாத்திஸுக்கு வேலை. அதில் பாதி சும்மா காத்திருப்பதுதான். வெயிலும் காற்றும் கைகொடுக்கும்வரை நிலையம் அணைந்து கிடக்கும். அவை கைவிட்டால் பற்றவைத்து நாட்டுக்கு மின்சாரம் தர வேண்டும். உட்கார வைத்துச் சம்பளம் என்று ஊரே கேலி பேசும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் பேசியிருக்கிறேன். 

ஈஸ்டர் ஞாயிறன்று தொழிற்சாலைகள் மூடியிருக்கும், வெயிலும் நன்றாகக் காயும். அதனால் அந்த வருடம் அவர் வீட்டிலேயே இருக்கலாம். கூப்பிட்டால் மட்டும் ஓட வேண்டும். ஆகவே குடிக்கக் கூடாது. அன்றைக்குத்தான் அவர் மகள் அரெதியின் சம்பந்தத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளையின் அப்பா லாம்ப்ரோஸ் வந்திருந்தார். வயல் முழுக்கச் சூரியத் தகடு போட்டுச் சம்பாதிப்பவர். முற்றத்தில் ஆட்டுக்குட்டி நெருப்புக்கு மேலே கம்பியில் வெந்துகொண்டிருந்தது. கம்பியை மின்மோட்டார் சுழற்றிக்கொண்டிருந்தது. நானும் விருந்துக்குப் போயிருந்தேன்.

லாம்ப்ரோஸ் ஒயினை ஊற்றி நீட்டினார். "எடுங்க சம்பந்தி! பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்!"

"இன்னிக்கு வேண்டாம் சம்பந்தி. நான் வெறும் தண்ணியிலயே வாழ்த்திடறேன்..."

எங்கள் பக்கம் தண்ணீரை வைத்து வாழ்த்துவது சாபம் கொடுப்பதற்குச் சமம். அரெதியின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்பா, ஒரே ஒரு வாய் குடிங்கப்பா," என்று கெஞ்சினாள்.

"உங்க அடுப்பு இன்னிக்கு எரியாதுங்க! என் சூரியன் டூட்டி பாக்குது," என்றார் லாம்ப்ரோஸ். "சம்பந்தம் பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க."

ஸ்தமாத்திஸ் ஒயின் கோப்பையை எடுத்து லாம்ப்ரோஸின் கோப்பையோடு மோதினார்; குடிக்காமல் மேஜையில் வைத்தார். எனக்கே எரிச்சல் வந்தது. பெற்ற மகளுக்காகக்கூட இளகாத மனிதனா!

அப்போது நிலையத்திலிருந்து அவர் கைபேசிக்கு அழைப்பு வந்தது. மேற்கிலிருந்து மேகம் வருகிறதாம். "வானத்தப் பாருங்கய்யா, பளிச்சுனு இருக்கு!" என்று சிரித்தார் லாம்ப்ரோஸ். ஸ்தமாத்திஸ் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடு வேகுமுன்பே மேகம் கவிந்தது, காற்றும் ஓய்ந்தது. கோபத்தோடு கிளம்ப எழுந்த லாம்ப்ரோஸ், தன் வயல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று வழக்கம்போலக் கைபேசியில் பார்த்தார். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு ஆடு வேகும் கம்பியைப் பார்த்தார். அது மின்மோட்டாரில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்தமாத்திஸ் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் கோப்பையைத் தட்டால் மூடி வைத்திருந்தார்கள். எதிரில் லாம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தார்.

"டூட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப எடுங்க சம்பந்தி. நானும் இன்னும் குடிக்கல."