ஹெட்செட்டும் சந்தனப் பொட்டும்

குழந்தை பிறந்தபின் எனக்கு வந்த முதல் வேலை நேர்காணல், ஆன்லைனில். ஒரு மணி நேரம் இருக்கும்போது யு.எஸ்.பி. ஹெட்செட்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு வயது மகள்தான் வாயில் வைத்துக் கெடுத்திருப்பாள் என்று அவளை அடித்துவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மும்தாஜ் அக்கா, கூப்பிட்டதும் உடனே வந்தார். ஹெட்செட்டைத் தன் லேப்டாப்பில் செருகினார்; பாடியது. எங்கள் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளைக்குள் டார்ச் அடித்தார்.

“ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சீங்களா? இம்புட்டு சந்தனம் உள்ள காஞ்சு கெடக்கு.”

வைத்தது நான்தான். கூனிக் குறுகினேன்.

கம்ப்யூட்டரை அணைத்து, மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். பெட்டியின் மேலே நான் வைத்திருந்த குங்குமத்தை மட்டும் தொடவில்லை. “இது இருக்கட்டும்மா. அடுத்த வருசம் நெத்தியில மட்டும் வைங்க, வாயில ஊட்டிராதீங்க!” மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டதும் ஹெட்செட் வேலை செய்தது.

அக்கா ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே குறையைச் சொன்னார். நான் எதையும் பார்க்காமல் கையை ஓங்கியிருந்தேன். நேர்காணலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதில் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.