இரட்டைச் சைக்கிளின் பின் இருக்கை

பதினொரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கியவள் அவள். உள்ளே வருகிறவர் வாய் திறப்பதற்குள் அவர் போகவேண்டிய மாடிக்குப் பொத்தானை அழுத்திவிடுவாள். வேலை முடிந்து வீட்டோடு இருந்த பிறகும் தெருவுக்கு அவள் லிஃப்ட் அம்மாதான். கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவர் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். "முப்பது வருஷமா மேலயும் கீழயும் போய்ட்டு வந்தே, ஒரு இடத்துக்கும் போய்ச் சேரல" என்று அவளைக் கேலி செய்வார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அவர் ஓய்வு பெற்ற மாதம் ஒரு இரட்டைச் சைக்கிளை வாங்கி வந்தார். ஏரிக்கரையில் வாடகைக்கு ஓடிய பழைய வண்டி. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல், அவற்றைப் பிணைக்கும் சங்கிலி. திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முன்னால் இருப்பவர் வேலை. பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மட்டும்.

"எனக்கு சைக்கிளே தெரியாதே!" என்றாள் அவள்.

"மிதிக்கத் தெரியுமில்ல? விழாம பாத்துக்குறது என் பாடு."

ஏழு வருடம் இருவரும் தினமும் காலையில் ரயில்வே மேம்பாலத்தைக் கடந்து அந்தப் பக்கத்துக் காய்கறிச் சந்தைக்குப் போய்வந்தார்கள். வழி முழுக்க அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். ஆனால் இரண்டு பெடலும் ஒன்றாகவே சுற்றுவதால் அவர் கால் சோர்ந்தால் அவள் காலில் கனம் ஏறும். தூங்காத இரவும் முழங்கால் வலியும், மகளோடு போனில் போட்ட சண்டையும்கூட அவளுக்குச் சங்கிலி வழியே தெரிந்துவிடும். இந்தக் காது கேட்காத மனிதரிடம் பேச அவளுக்குக் கிடைத்த சுலபமான வழி அதுதான்.

ஒருநாள் பாலத்தின் நடுவில் அந்தக் கனம் திடீரென்று முழுதாக அவள் மேல் விழுந்தது. வண்டி நின்றது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார்.

இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி பாதியாகிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையை விடக்கூடாது, சமதரையில் மெதுவாகப் போகலாம், மேடு மட்டும் கூடவே கூடாது. சைக்கிள் கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். நாற்பது வயது மனிதர், அந்த வண்டிக்கு ஆரம்பம் முதல் அவர்தான் வைத்தியர்.

"ஒரு மோட்டார் மாட்டிடலாம் ஐயா. நீங்க சும்மா காலைச் சுத்துனா போதும், மேட்டை அது பாத்துக்கும்" என்று காதருகே கத்தினார்.

"மோட்டார் வெச்சா அது சைக்கிளா? என்னை மூட்டை மாதிரி ஏத்திட்டுப் போறதுக்கா? வேணாம், போய்யா!"

அதோடு அவர் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தட்டில் வைத்தது பாதி அப்படியே திரும்பும். கேலி நின்றுபோனது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அவர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது கடைக்குப் போனாள்.

"அவருக்குத் தெரியாம மாட்ட முடியுமா தம்பி?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பின் சக்கரத்தின் நடுவில் மோட்டார் உருண்டையாகத் தெரியும். அதைப் புது மாதிரி பிரேக் என்று சொல்லிவிடலாம். பேட்டரியைக் கேரியர் பையில் அடியில் வைத்துவிடலாம். மெல்லிய ரீங்காரம் வரும், ஆனால் ஐயாவுக்கு அது கேட்காது. இயக்குகிற பொத்தானை மட்டும் எங்கே வைப்பது?

"என் கம்பிக்கு அடியில வைங்க. பொத்தான் அமுக்குறது எனக்குப் பழக்கந்தானே."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்னாளில் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்டது.

"பிரேக் மாத்தியிருக்காங்க, சமதரையில மட்டும் ஒரு சுத்து போவோம்" என்று கெஞ்சி அவரைக் கிளப்பினாள். நாலாம் நாள் அவரே வண்டியைப் பாலத்தை நோக்கித் திருப்பினார். ஏற்றம் தொடங்கிய இடத்தில் அவள் பொத்தானை மெதுவாக அழுத்தினாள். வண்டி ஏறியது. உச்சிக்கு வந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியா? டாக்டருக்கு என்ன தெரியும்!"

அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் தூங்கும்போது பேட்டரியைக் காய்கறிப் பையில் போட்டு அடுக்களைக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடுவது அவளுக்கு வாடிக்கையானது. சந்தையில் தக்காளி விற்கும் பெண்ணிடமெல்லாம் அவர் தன் காலைத் தட்டிக்காட்டிப் பெருமையடித்தார். அவளுக்கும் சந்தோஷம்தான். ஒன்று மட்டும் உறுத்தியது: சங்கிலி வழியே எதுவும் வரவில்லை. கனத்தை மோட்டாரே விழுங்கிக்கொண்டதில், அவர் நன்றாக இருக்கிறாரா, சோர்ந்திருக்கிறாரா என்பது அவள் காலுக்குத் தெரியாமல் போயிற்று.

மூன்றாம் மாதப் பரிசோதனையில், எந்த முன்னேற்றமும் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் கணவர், "அந்த ஆளை ஒரு தடவை பாலத்துல ஏறிப் பாக்கச் சொல்லணும்" என்று சிரித்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து மருந்துக்கடை அடைத்திருந்ததால், பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் வாங்கி வருகிறேன் என்று அவர் சொன்னதும், மெதுவாக நடந்துதானே போவார் என்று நினைத்துத் தலையாட்டினாள். அவரோ தனியாளுக்கு இரட்டைச் சைக்கிள் எதற்கென்று கீழ்வீட்டுக்காரரின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போதே பாலம் ஏறும் பாதி வழியில் விழுந்தார். ஒரு வேன் டிரைவர் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சட்டைப்பையில் அவள் மருந்துச் சீட்டு இருந்தது.

காய்ச்சல் உடம்போடு அவள் வார்டில் போய் உட்கார்ந்தாள். நாலாம் நாள் அவர் கண் திறந்து பேசினார்.

"என்னன்னே தெரியல. நம்ம வண்டியில தினமும் ஏறுறேன். அன்னைக்குக் காலு நகரவே மாட்டேங்குது. கீழ்வீட்டு ஆளோட சைக்கிள்ல ஏதோ கோளாறு இருக்கு, பாக்கச் சொல்லு."

இனி மறைக்க முடியவில்லை. அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"என்ன?"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"கேக்கல. சத்தமா சொல்லு."

அதனால் கத்தினாள். "நம்ம வண்டியில மோட்டார் இருக்குங்க! மூணு மாசமா இருக்கு! உங்களுக்குத் தெரியாம நான்தான் மாட்டச் சொன்னேன்!"

பக்கத்துப் படுக்கைக்காரரும் அவர் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவர் மேலே கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"அப்போ நான் ஏறல" என்றார் கடைசியில்.

"மிதிச்சீங்க. ரெண்டு பேருந்தான் மிதிச்சோம்."

"பொத்தானை அமுக்குனது நீ."

"ஆமா."

"சொல்லியிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன்."

எதில் என்று அவள் கேட்டாள். தெரிந்திருந்தால் இரட்டைச் சைக்கிளிலேயே ஏறியிருக்கமாட்டார் என்கிறாரா, அன்றைக்குப் பாலம் ஏறியிருக்கமாட்டார் என்கிறாரா? இன்னொரு முறை கத்தியும் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் அவள் கையிலிருந்து இழுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் விடியும்போது போய்ச் சேர்ந்தார். இடையில் தண்ணீர் கேட்டார், மகள் கிளம்பிவிட்டாளா என்று கேட்டார். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவில்லை.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்ச" என்றாள் மகள். டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம், அவ்வளவுதான் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த மூன்று மாதச் சிரிப்பை ஒரு தட்டிலும் ஆறு மாதத்தை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியில் அவர் பாதித் தட்டோடு உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு கடைக்காரர் வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்மா."

"நீங்க சொல்லியிருந்தா வேற கடைக்குப் போயிருப்பேன் தம்பி. உள்ள வாங்க."

மோட்டாரைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். வண்டியையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து, அதைக் கேட்டு ஒரு அண்ணனும் தங்கையும் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். இருவருக்கும் எழுபதுக்கு மேல். மோட்டார் இருப்பதால்தான் கேட்கிறார்களாம். அவள் கடைக்குப் போனாள். பொத்தானை எடுத்த எடுப்பில் அழுத்தினால் வண்டி குதிக்கும் என்று தங்கைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். இருவரும் தள்ளாடிக் கிளம்பித் தெருக்கோடியில் மறைந்தார்கள். கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டார். அவர்கள் வர வெகுநேரமாயிற்று.

"மூச்சு வாங்குதா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"துளிகூட இல்லம்மா. இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு!"

அவள் முகம் மாறியது.

"குறையலங்க" என்றாள். "அது மோட்டார். தினமும் ஏறுறதுக்கு முன்னாடி உங்களுக்கு நீங்களே அதைச் சொல்லிக்கோங்க."

அந்த மனிதர் புரியாமல் தங்கையைப் பார்த்தார். கடைக்காரர் குனிந்து சங்கிலிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.