எட்டில் முடிந்த எண்

என் கணவர் நாவலப்பிட்டியில் கணித ஆசிரியர். புதிய அடையாள அட்டை கிடைத்த அன்றே அதிலிருந்த பன்னிரண்டு இலக்க எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "இது முதன்மை எண், தெரியுமா? ஒன்னாலயும் அதே எண்ணாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவருடைய உடலை எடுக்கக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அழுகை வரவில்லை. அங்கிருந்த கிளார்க், "அக்கா, ஐடி நம்பர் வாசிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க" என்று ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். கடைசி இலக்கம் எட்டு என்றார்.

"எட்டா? அப்ப ரெண்டால வகுபடுமே. அது அவர் இல்லீங்க" என்றேன்.

செத்தது வேறு யாரோ என்று உண்மையாகவே நம்பினேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன்.

கிளார்க் என் கையிலிருந்த அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க அக்கா, மூணு. இங்க தப்பா எழுதியிருக்காங்க" என்று எட்டை வெட்டினார்.

இப்போது அது எதாலும் வகுபடாது. கையெழுத்துப் போட்டேன்.

எட்டில் முடிகிற பஸ் நம்பரைக் கண்டால் இன்றும் நின்றுவிடுகிறேன். அந்த ஒரு கணம் அவர் சாகவில்லை.