அம்மிணி என்று கூப்பிட்ட நாள்

அப்பா என்னை "ஏண்டா சாமி" என்றுதான் கூப்பிடுவார். "மோட்டாரப் போட்டுட்டு வாடா சாமி", "மம்முட்டிய எடுத்துக்கடா". பெண் பிள்ளைகளை டா போட்டு அழைப்பது எங்கள் பக்கத்தில் செல்லம். எல்லா வீட்டிலும் உண்டு. அது தெரியாதவளா நான்? இருந்தும் அந்த ஒற்றை எழுத்தை நம்பி, நாமக்கல்லுக்கு மேற்கே இருந்த எங்கள் நாலு ஏக்கர் தோட்டம் எனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். நான் ஒரே பிள்ளை. அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டாள். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து தண்ணீர் கட்டியது, கடலைக்குக் களை வெட்டியது, மரவள்ளிக் கிழங்குக் குச்சி நட்டது எல்லாம் நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு மூட்டுவலி வந்தது. கிணற்றுமேட்டில் ஏறவே திணறினார். அதே வருடம் எனக்குக் குமாரபாளையத்தில், விசைத்தறி வைத்திருக்கும் வீட்டில் மாப்பிள்ளை அமைந்தது. அன்றிலிருந்து தோட்டத்தை யார் கையில் விடுவது என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. விளைச்சலில் பங்கு வாங்கிக்கொண்டு வாரத்துக்கு விடலாமா, விற்றுவிடலாமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் யோசனை கேட்டார். பால்காரரிடம்கூடக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. காபி கொடுக்கும் சாக்கில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவரிடமே பேச்சைத் தொடர்ந்தார். எனக்கும் ரோஷம். கேட்டால்தான் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் சித்தப்பா மகனுக்கு எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். பெரியப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்றான். நல்லவன்தான். அவன் மேல் கோபப்படக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

"தம்பிக்குத் தோட்டத்தச் சுத்திக் காட்டுடா சாமி" என்றார் அப்பா. காட்டினேன். மோட்டார் எப்போது மக்கர் செய்யும், எந்த வரப்பில் எலி வளை என்று எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கிழக்குத் துண்டுக்கு வாய்க்கால் தலைப்பிலிருந்து தண்ணீர் கட்டினால், கடைக்கோடியை எட்டுவதற்குள் கரண்ட் போய்விடும். கடைசிப் பாத்தியில் ஆரம்பித்து மேலே வர வேண்டும்; விட்டுப்போகும் தலைப்புப் பாத்திகளை அடுத்து கரண்ட் வந்ததும் சீக்கிரம் நனைத்துவிடலாம். இரண்டு கோடை பயிரைக் கருகவிட்டு நானாகக் கற்றுக்கொண்டது அது. அப்பாவுக்கே தெரியாது. அதையும் ஏன் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

பத்திர ஆபீசில், பத்திரம் எழுதுகிறவர், சாட்சியாக மகளும் கையெழுத்துப் போட்டால் பின்னால் பேச்சு வராது என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "அம்மிணி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு" என்றார்.

அம்மிணி. ஊரில் எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற சொல், மரியாதையான சொல்தான். அப்பா வாயிலிருந்து எனக்கு அது வந்ததே இல்லை. அந்த ஒரு சொல்லிலேயே என்னை வரப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். எனக்கு வேணுமுங்கப்பா என்று தொண்டைவரை வந்தது. "சரிங்கப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி எங்களுக்கு முன் சீட்டில் இருந்தான். அப்பா கடலை உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். "காலையில இருந்து ஒண்ணுமே திங்கலியேடா சாமி" என்றார். அந்த டாவைக் கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டுப் பக்கம் குனிந்தேன். "தம்பி, கெழக்குத் துண்டுக்குக் கடைசிப் பாத்தியில இருந்து தண்ணி கட்டிட்டு வரோணும்" என்றேன்.

"ஏனுங்கக்கா?" என்றான்.

காரணத்தையும் சொன்னேன். அத்தோடு அந்தத் தோட்டத்தில் என்னுடையது என்று ஒன்றும் மிச்சமில்லை.