காலி மாத்திரை அட்டைகள்

1. வாயெல்லாம் சிவப்பு

போன் அடித்தாலே எனக்குப் பயம். அன்று மதியம் அடித்தது குமார்.

"ஏனுங்கக்கா, தர்ஷன் வாந்தி எடுக்கறான். வாயெல்லாம் ரத்தமா இருக்குதுங்க."

மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் எங்கள் ஊருக்கு நான்தான் சுகாதாரத் தன்னார்வலர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். குமாரின் மனைவி கவிதா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தர்ஷன் அவர்களுடைய மூன்று வயதுப் பையன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரத்தம் இல்லை, சாயம். நான் கொடுக்கிற மாத்திரையின் சிவப்பு. மேலே சர்க்கரைப் பூச்சு இருக்கும், பார்த்தால் மிட்டாய்தான்.

"கவிதா, மாத்திரை எங்க வெச்சிருக்க?"

"எல்லாம் சாப்பிட்டுட்டேனுங்கக்கா. காலி அட்டைதான் கெடக்குது." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

அதற்குள் பையன் தெளிந்து, வாசலில் கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டான். குமாருக்குச் சிரிப்பு.

"பாருங்க, நல்லாத்தான் இருக்கறான். நீங்க சும்மாவே பயந்துக்குவீங்க. போன மாசம் கொசு கடிச்சதுக்கே டெங்குன்னீங்க."

நான் பயந்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயிற்சியில் நர்சம்மா சொன்னது காதிலேயே நின்றது. பெரியவர்களுக்கு மருந்தாக இருக்கிற இரும்பு, சின்னக் குழந்தை கை நிறைய விழுங்கினால் விஷம். முதலில் வாந்தி வரும். பிறகு சில மணி நேரம் தெளிந்த மாதிரி இருக்கும். அதை நம்பி வீட்டிலேயே வைத்திருந்தால் உள்ளே ஈரல் கெட்டுப்போகும்.

"வண்டிய எடு சாமி. நான் பைத்தியக்காரின்னு நாளைக்குச் சொல்லிக்க."

2. பவுடர் டப்பா

பக்கத்து வீட்டுக்காரன் மாதுவின் ஜீப்பைக் குமார் ஓட்டினான். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் கவிதா அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் ஒண்ணுகூட முழுங்கலீங்க. சாப்பிட்டா கொமட்டுது. நீங்க வந்தா காலி அட்டையக் காட்டுன்னு கேப்பீங்களே, அதுக்குப் பயந்து உரிச்சு உரிச்சு பவுடர் டப்பாவுல போட்டு வெச்சேன்."

குமார் பிரேக்கை மிதித்தான்.

"எந்த டப்பா? அந்த ரோஸ் டப்பாவா? அவரை வெதைன்னு நெனச்சு, அழுவுறானேன்னு ஆட்டி வெளையாட நாந்தானடி குடுத்தேன்!"

இரண்டு மாதத்து மாத்திரை. என் மடியில் தர்ஷன் தூங்கி விழுந்தான். அது சாதாரணத் தூக்கமா என்று கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சிக்னல் கிடைத்த வளைவில் மாதுவைக் கூப்பிட்டு டப்பாவைத் தேடச் சொன்னோம். பாதி மலை இறங்கியபோது அவன் அழைத்தான்.

"ஆட்டுப்பட்டியோரம் கெடக்குதுடா. தரையெல்லாம் மாத்திரை. செவப்பு போயி, எச்சில்ல நனைஞ்சு கெடக்குது. உம் பையன் மேல இனிப்ப மட்டும் சப்பிட்டுத் துப்பியிருக்கறான்!"

கவிதா பையனின் தலையை முகர்ந்துகொண்டே இருந்தாள். திரும்பிப் போகலாமா என்று குமார் கேட்டான். வேண்டாம் என்றேன். துப்பியது எத்தனை, விழுங்கியது எத்தனை, யார் கண்டது?

கீழே ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். இந்த மாத்திரை படத்தில் தெரிய வாய்ப்பு உண்டாம். ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது, ஒரு மாத்திரை. அதோடு விடாமல் ரத்தமும் சோதித்து, அன்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் டாக்டர், "கூட்டிட்டுப் போங்கம்மா. ஆனா தயங்காம வந்தீங்களே, அதுதான் சரி" என்றார்.

வெளியே வந்ததும் குமார் கேட்டான்: "இப்பச் சொல்லிக்கட்டுமாங்கக்கா, பைத்தியக்காரின்னு?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

3. அதற்குப் பிறகு

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். உடம்பு மிச்ச இரும்பைச் சுலபமாக வெளியே தள்ளாது என்றார் அந்த டாக்டர். அதனால் மனைவிக்குக் கொடுத்த மாத்திரையைத் தெம்புக்கு என்று கணவன் போட்டுக்கொள்ளக் கூடாது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு அதிலேயே இரும்பு சேர்ந்துவிடும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரும்பு டானிக் கூடக் குடிக்கக் கூடாது. மாத்திரையை அட்டையிலிருந்து முன்கூட்டியே உரிக்க வேண்டாம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள், டீயோடு வேண்டாம்.

"காலி அட்டையைக் காட்டு" என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். "சாப்பிட்டா உனக்கு என்ன பண்ணுது கண்ணு?" என்று கேளுங்கள்.

அடுத்த முறை போனபோது கவிதா ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மேலிருந்து அட்டையை எடுத்து வந்தாள்.

"மூணு நாள் விட்டுட்டேனுங்கக்கா. திட்டுவீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். மிச்ச மாத்திரைகள் அதனதன் குழியில் சிவப்பாக உட்கார்ந்திருந்தன. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் போன் அடித்தது. இந்த முறை பயப்படாமலே எடுத்தேன்.