வெட்டி ஒட்டிய ஒன்றரை நிமிடம்

புவியியல் டீச்சருக்குப் பள்ளியில் ‘ரேடியோ’ என்று பெயர். வாயை மூடத் தெரியாதவர் என்று வைத்த பெயர். பாட்காஸ்ட் ஆரம்பித்த பிறகு பொருத்தமாகவும் போய்விட்டது. வரைபடங்களைச் சுருட்டி வைக்கும் சின்ன அறையில், எதிரொலி வராமலிருக்கக் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒரு பாடம் பேசிப் பதிவு செய்வார். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள்கூட பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து பிள்ளைகளையே பேச வைத்தார். எரிமலைப் பாடத்துக்கு ஒரு பெண் தானாகக் கை தூக்கினாள். அவளுக்குப் பேச்சு திக்கும். நாலு நிமிடம் பேசினாள். டீச்சர் குறுக்கிடாமல் கேட்டார், அதுவரைக்கும் சரிதான். பிறகுதான் புத்தி கோணலாகப் போனது. மற்ற பிள்ளைகள் சிரித்துவிடக் கூடாதே என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து, திக்கல், இழுவை, மூச்சு எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். ஒன்றரை நிமிடம் மிஞ்சியது; அதையே பாட்காஸ்டில் போட்டார். நல்ல காரியம் செய்துவிட்டதாகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. பரீட்சை பயமாக இருக்கும் என்று டீச்சர் விட்டுவிட்டார்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. உட்கார்ந்ததுமே போனை எடுத்து அந்த ஒன்றரை நிமிடத்தைப் போட்டார்.

“கேளுங்க மிஸ், எவ்வளவு அழகா பேசறா! உங்ககிட்ட பேசத் தெரியுது, வீட்ல மட்டும் வேணும்னே திக்கறா. தினமும் இதைப் போட்டுக் காட்டி, இதே மாதிரி சொல்லு, அப்புறம் சாப்பிடலாம்னு உட்கார வைக்கிறேன்.”

பெண் மேசைக்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சருக்கு ‘அப்படியா’ என்று தலையாட்டி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே கூனிக்குறுகிப் போனார்.

“அவ அப்படிப் பேசலம்மா. திக்கினதையெல்லாம் நான்தான் வெட்டிட்டேன். அவ வேணும்னு செய்யல. தப்பு என்மேல.”

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தார். மகளைப் பார்த்தார்.

டீச்சர் பெண்ணின் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிடும்மா. உன்னைக் கேட்காம செஞ்சிட்டேன்.”

“மு... முழுசா இருக்கா மிஸ்? அ... அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்.”

வெட்டி முடித்த கையோடு, இனி எதற்கு என்று முழுப் பதிவை அழித்திருந்தார் டீச்சர்.

“இல்லடா. அழிச்சிட்டேன்.”

பெண் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தாலாவது டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அ... அன்னிக்குத்தான் மிஸ், யா... யாரும் நடுவுல நிறுத்தாம, நா... நான் முழுசா சொ... சொல்லி முடிச்சேன்.”