முந்திக்கொண்ட ஆமென்

எங்கள் வீட்டில் ஜெபத்தை முடித்துவைக்கும் பொறுப்பு சுமார் இரண்டு மாதம் என்னிடம் இருந்தது. யாரும் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஆண்டவருக்கு ஜெபத்தை எப்படி அனுப்ப வேண்டும் என்பது அப்பாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஆட்டையாம்பட்டியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் குடியிருந்த நெசவுக்காரர் தெருவில் வேதக்காரர் வீடு எங்களுடையது ஒன்றுதான். விளக்கு வைத்ததும் பாயை விரித்து எல்லோரும் முழங்கால் போடுவோம். அப்பாவின் ஜெபம் தினமும் ஒரே பாதையில் போகும். சபையில் புறப்பட்டு மழை, அரிசி விலை, யுத்தம் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று கடைசியில் சித்தப்பாவிடம் வந்து சேரும்.

சித்தப்பா ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பட்டாளத்தில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். பர்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத சின்னம்மா எங்களோடுதான் இருந்தாள். சித்தப்பாவைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும் என்று அப்பா மன்றாடிக் கேட்பார். பிறகு ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு, "ஆனாலும் ஆண்டவரே, உம்முடைய சித்தப்படியே ஆகட்டும்" என்பார். நாங்கள் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவோம்.

அடுத்த வீட்டுத் தறிக்கார அக்காவுக்குச் சித்தப்பா என்றால் உயிர். அவளுடைய நூல் மூட்டையைச் சார்ஜ் கேட்காமல் சேலத்திலிருந்து ஏற்றி வந்தவர் அவர். அவர் நல்லபடியாகத் திரும்பினால் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஜெபம் முழுவதும் சுவர் வழியாக அவள் காதில் விழும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"உங்கப்பாரு நல்லாத்தான் கேக்கறாரு கண்ணு. கேக்கறப்ப எனக்கே அழுகாச்சி வருது. ஆனாக் கடைசில உம்பட இஷ்டம்னு உட்டுப்போடறாரே! அப்படி உட்டா எந்தச் சாமிதான் செய்யும்? கண்டிசனாக் கேக்கோணும்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவிடம் முறுக்கு கேட்டுவிட்டு, கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் என்று சொன்னால் ஒரு துண்டாவது கிடைக்குமா? இத்தனை படித்த அப்பாவுக்கு இது ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். அப்பாவின் பெருமூச்சு எப்போது வரும் என்பது எனக்கு மனப்பாடம். அது வந்ததும், அந்த ஆபத்தான வாக்கியம் வாயைவிட்டு வெளியே வருவதற்குள், உரக்க "ஆமென்" என்றேன். பசியோடு இருந்த தம்பிகள் இருவரும் உடனே என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அம்மாவும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு அப்பா என்ன செய்வார்? கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார். இப்படியே தினமும் நடந்தது. பெண்ணுக்கு ஜெபத்தில் வாஞ்சை வந்திருக்கிறது என்று அவர் போதகரிடம் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன். குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை.

சின்னம்மா மட்டும் எல்லோரும் எழுந்த பிறகும் சற்று நேரம் முழங்காலிலேயே இருப்பாள். சித்தப்பாவுக்காக இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். ஒருநாள் என்னதான் கேட்கிறாள் என்று பார்க்கப் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நான் வெட்டிவிட்ட அந்த வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொல்லி முடித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் நான் பட்ட பாடெல்லாம் வீண்.

"ஏனுங் சின்னம்மா, சித்தப்பா ஊட்டுக்கு வர வேண்டாமுங்களா உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

அவளுக்கு என் தந்திரம் முதல் நாளே தெரிந்திருக்கிறது. கோபிக்கவில்லை. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"வரோணும் சாமி. அதையத்தான் மொதல்லயே கேட்டாச்சே. அவரு போயிருக்கற பக்கம் நானும் போக முடியாது, உங்கப்பாவும் போக முடியாது. அங்க இருக்கறது ஆண்டவர் ஒருத்தருதான். அங்க இருக்கற ஆண்டவர்கிட்ட, இங்க உக்காந்துக்கிட்டு நீங்க இப்படித்தான் செய்யோணும்னு நான் சட்டம் பேசறதா?"

"செய்யலீன்னா?"

"செய்யலீன்னாலும் ஆண்டவர் உங்க சித்தப்பா பக்கத்துலதான் இருப்பாரு" என்றாள். கேட்டதைக் கொடுக்காமல் பக்கத்தில் மட்டும் இருந்து என்ன பிரயோசனம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த மாதம் முடிவதற்குள் சர்க்கார் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அப்பாதான் படித்தார். பாலத்தின் மேல் குண்டு விழுந்து, லாரியோடு சித்தப்பா போய்விட்டார். படித்துவிட்டு அப்பா அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. தறிக்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றும் விளக்கு வைத்ததும் பாய் விரிந்தது. விரித்தது சின்னம்மா. அப்பா வழக்கம்போல் சபை, மழை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் இடம் வந்ததும், பழக்கத்தில், "பத்திரமாக..." என்று தொடங்கிவிட்டு அப்படியே நின்றுபோனார். பெருமூச்சு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எங்களுக்கெல்லாம் எழுத்துக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் எழவில்லை. என் வாயிலும் அன்று ஆமென் இல்லை.

அப்போது சின்னம்மாவின் குரல் கேட்டது. பாதியில் உடைந்தது. விட்ட இடத்திலிருந்து தொடராமல், அந்த வாக்கியம் முழுவதையும் முதலிலிருந்து சொன்னாள். உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் என்று. எத்தனையோ பிரசங்கிகளை நான் கேட்டிருக்கிறேன். அவளைப்போல் அதைச் சொன்ன ஒருவரையும் இன்றுவரை கேட்டதில்லை. அந்த வீட்டில் இடிந்துபோகாமல் நின்றது அவள் ஒருத்திதான்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்று எனக்கு அவள்மேல் தீராத கோபம். சித்தப்பாவைக் கொன்றது அந்த வாக்கியம்தான், நான் இரண்டு மாதம் அடைத்துவைத்த கதவை இவள் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில், "வா சாமி, பள்ளிக்கோடத்துக்கு நேரமாச்சு" என்று சின்னம்மா சீப்போடு கூப்பிட்டாள். முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அவள் வகிடு எடுத்தாள், கலைத்தாள், மறுபடி எடுத்தாள். என் தலைமேல் வைத்த கை நெடுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு மூன்றாவது தடவை எடுத்து, எண்ணெய் வைத்துப் பின்னி, நாடாவைக் கட்டினாள். புருஷன் செத்த மறுநாள் ஒருத்திக்குத் தலை பின்ன மனம் வருமா, இவளுக்குச் சித்தப்பாமேல் அவ்வளவு பிரியம் இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.